மூடிமேல் எழுதிய நேரம்

போன வாரம் நிஷா என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். ராயபுரத்தில் நான் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த ஏற்றுமதி ஷெட்டில் இப்போது அவள்தான் பேக்கிங் சூப்பர்வைசர். படத்தில் இந்தப் பக்கம் சென்னை, அந்தப் பக்கம் சிங்கப்பூர், நடுவில் கடல்மேல் வளைந்து போகிற ஒரு கோடு. கீழே ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாலு மணி என்று போட்டிருந்தது. கூடவே குரலும் அனுப்பியிருந்தாள். "அக்கா, வெரல வச்சா வந்துடுது பாருங்க. நீங்கள்லாம் அப்போ இத்த எப்டிக்கா கணக்கு போட்டீங்க? எங்க பொண்ணுங்களுக்கு நாலு வரி எழுதிக் குடுங்களேன்."

நாலு வரியாம். அந்த நாலு மணி நேரம் முதலில் பொய். விமானத்தில் ஏறி உட்கார்ந்து காபி குடிக்கிறவர்களுக்கு வேண்டுமானால் அது நாலு மணி. எங்கள் சரக்குக்கு அது ஒரு நாளும் நாலு மணியாக இருந்ததில்லை. எங்கள் சரக்கு உயிரோடு போகிற சிங்கி இறால்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்கி இறால் என்பது முழங்கை நீளம், முதுகெல்லாம் முள், முன்னால் இரண்டு நீள மீசை. ஐஸில் போட்டு அனுப்பினால் அதற்கு மரியாதை இல்லை. அந்த ஊரில் தொட்டியில் நீந்த வேண்டும், சாப்பிட வருகிறவர் விரலை நீட்டி இதுதான் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதற்காக அதைத் தூங்க வைத்து, ஈரக் காகிதத்தில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி விமானத்தில் ஏற்றுவோம். போய்ச் சேர்ந்ததும் தொட்டியில் விட்டால் விழித்துக்கொள்ளும். விழிக்காவிட்டால் அது பேக்கிங் பண்ணினவள் தலையில் விடியும்.

கல்யாணமாகி நாலாவது மாசம் என் வீட்டுக்காரர் தேவராஜ் சிங்கப்பூருக்கு வெல்டராகப் போனார், கப்பல் கட்டும் யார்டுக்கு. அவர் போன பத்தாம் நாள் நான் இந்த வேலைக்கு வந்தேன். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, வேறு காரணம் ஒன்றுமில்லை. அவர் இருக்கிற ஊருக்குத்தான் இந்தப் பெட்டிகள் போகின்றன என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. என்னமோ நானே பெட்டிக்குள் ஏறிப் போகப்போகிற மாதிரி.

எங்களுக்கு மேலே இருந்தவர் கரீம் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர். ஒல்லியான உடம்பு, வெயில் காலத்திலும் கழுத்தில் கம்பளி மப்ளர், குளிர் அறைக்குள் போய்ப் போய் வருகிறவர் இல்லையா. சத்தம் போடமாட்டார். சத்தம் போட்டால் இறால் விழித்துக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ, கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் இறங்கும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் ஆளாளுக்குத் தொட்டிப் பக்கம் குனிந்துகொள்வோம்.

ஷெட் சுவரில் விமானப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். காலை பதினொன்றரைக்குக் கிளம்பும், சாயங்காலம் ஆறு மணிக்குச் சேரும். நான் சேர்ந்த புதிதில் விரல் விட்டு எண்ணி ஆறரை மணி நேரம் என்று கண்டுபிடித்து, அதற்கேற்றபடி ஓர் ஐஸ் பாட்டில் கூடுதலாக வைத்தேன். பாய் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இது இன்னாம்மா?"

"ஆறரை மணி நேரம் போவணுமே பாய், சூடாயிடாதா?"

"அந்த ஊரு கடியாரம் நம்ம கடியாரத்த வுட ரெண்டரை மணி முன்னால ஓடுது. வானத்துல நாலு மணி நேரம்தான். தரையிலதான் எட்டு மணி, ஒம்போது மணின்னு இஸ்துகினு போவும். எல்லாம் சாவறது தரையிலதான். நீ தரைய எண்ணு."

பக்கத்தில் நின்ற கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் முந்தின மாசம் அதே கணக்கைப் போட்டு அதே பேச்சை வாங்கியவள்தான். அன்றிலிருந்து என் மண்டைக்குள் இரண்டு கடிகாரம் ஓடியது. நான் மூன்றரைக்கு எழுந்து முகம் கழுவினால் அவர் ஆறு மணிக்கு யார்டு பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பார். எனக்குப் பசிக்கும்போது அவர் சாப்பிட்டு முடித்திருப்பார். இந்த ரெண்டரை மணி நேரம் என்னை அவரோடு சேர்த்து வைத்ததா, பிரித்து வைத்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கணக்குப் போடாமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

வேலையைச் சொல்கிறேன், நிஷா கேட்டது இதைத்தானே. தொட்டித் தண்ணீரைப் படிப்படியாகக் குளிர வைப்போம். ஒரேயடியாகக் குளிர வைத்தால் கால் கழன்றுவிடும். கடைசியில் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வலிக்கிற பதம் வரும். அப்போது இறாலைத் தூக்கினால் வாலைப் படபடவென்று அடிக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. சோம்பலாக ஒரு தரம் மடக்க வேண்டும். பாய் அதை உள்ளங்கையில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். தலையாட்டினால் எடுத்துச் சுற்றலாம். பழைய தினசரியைக் கடல் தண்ணீரில் நனைத்துச் சுற்றுவோம். நல்ல தண்ணீர் பட்டால் செத்துவிடும். மீசை ஒடியாமல் முதுகோடு படிய வைக்க வேண்டும்.

அப்புறம் மூடி. ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். எனக்கு ஏழு, கஸ்தூரிக்கு மூன்று. பெட்டியை மூடியதும் மூடிமேல் மார்க்கரால் நம்பரையும் மூடிய நேரத்தையும் எழுத வேண்டும். அந்த நேரத்தை வைத்துத்தான் இரண்டு காரியம் நடக்கும். ஆறரைக்கு முன்னால் மூடிய பெட்டிக்கு இங்கே ஓர் ஐஸ் பாட்டில்தான் வைப்போம். விமானம் ஏறுவதற்குள் அது பாதி கரைந்துவிடும், அதனால் மீனம்பாக்கம் சரக்குக் கொட்டகையில் ஒரு பக்க டேப்பை மட்டும் பிரித்து, மூடி இடுக்கில் புதிதாக இன்னொன்றைச் செருகுவார் வேன்காரர். ஆறரைக்கு அப்புறம் மூடுகிற பெட்டிக்கு இரண்டு பாட்டிலும் இங்கேயே வைத்துவிடுவோம், வழியில் திறக்க வேண்டாம். முன்னால் மூடிய பெட்டி எத்தனையோ அத்தனை பாட்டிலைப் பாய் தன் கையால் எண்ணி வேனில் வைப்பார். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. இரண்டாவது காரியம் அந்த ஊரில். நேரத்தில் எது முந்தியதோ அதை முதலில் திறப்பார்கள். நியாயம்தானே, அதிக நேரம் அடைபட்டுக் கிடந்தது அது.

என் பெட்டி எப்போதும் கடைசி. கை வேகம் என்பதால் பெரிய இறாலை என்னிடம் விட்டு, கடைசியில் சுற்றச் சொல்வார் பாய். எனக்கு அது பெருமை. தேவராஜுக்குத்தான் அது பேஜாராகிப் போனது.

அவருடைய யார்டுக்குப் பக்கத்திலேயே அந்த ஊர் மீன் துறைமுகம். எங்கள் பெட்டிகள் அங்கேதான் திறக்கப்படும். புதனும் சனியும் எங்கள் சரக்கு போய்ச் சேரும் என்று நான் எழுதியதிலிருந்து, டூட்டி முடிந்ததும் நடந்தே போய் அங்கே நிற்பாராம். பெட்டி திறக்கிற சீனக் கிழவர் இவரைப் பழகிக்கொண்டார். ஆனால் ஒன்பது மணிக்கு விடுதிக் கதவை அடைத்துவிடுவார்கள். அதற்குள் நாலு பெட்டி திறந்தால் அதிகம். ஏழாம் நம்பர் வரிசையின் கடைசியில் கிடக்கும். 'மூடிமேல் உன் நம்பரைப் பார்க்கிறேன், உள்ளே நீ சுற்றினதைப் பார்க்க முடியவில்லை' என்று எழுதுவார். 'ஒரு நாளைக்காவது உன் பெட்டி முதலில் வரக்கூடாதா?'

அந்தக் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அவர்தான் இல்லை. போய் மூன்று வருஷமாகிறது. பதினேழு வருஷம் அந்த ஊரில் உழைத்தவர், திரும்பி வந்த பிறகு வீட்டில் என்னோடு இருந்தது கொஞ்ச வருஷம்தான். இப்போதும் விடியற்காலை எழுந்தால் ரெண்டரையைக் கூட்டிப் பார்க்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரு புதன்கிழமையைப் பற்றி. நிஷா, இது உன் பெண்களுக்குப் பயன்படுமோ என்னவோ, ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் எழுதி என்ன?

இரண்டாவது தடவை போன அவருக்கு அப்போது ஒப்பந்தம் முடிகிற சமயம். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகப்போகிறது, நாங்கள் சேர்ந்திருந்தது மொத்தம் ஏழு மாசம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் கடிதம் வந்தது. பன்னிரண்டு நாள் வழியில் கிடந்து வந்திருந்தது. வரும் வியாழக்கிழமை புதுக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போட்டால் இன்னும் இரண்டு வருஷம், போடாவிட்டால் அடுத்த மாசமே டிக்கெட். 'நீ என்ன சொல்கிறாயோ அதுதான். உடனே எழுது' என்று முடித்திருந்தார்.

உடனே எழுதாம்! வியாழனுக்கு நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். என் கடிதம் போய்ச் சேரவும் அதே பன்னிரண்டு நாள் ஆகும். தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அவர் மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் போன் பண்ணுவார். நாங்கள் கூப்பிட்டால் யார்டு ஆபீஸில் அடிக்கும், ஆயிரம் பேரில் ஒருத்தரை யார் போய்க் கூப்பிடுவார்கள்? தந்தி கொடுத்தாலும் அங்கேயேதான் கிடக்கும். அவர் அம்மா செத்த தந்தியே மூன்றாம் நாள்தான் அவர் கைக்குப் போனது.

எனக்கு அவர் வேண்டும். அவ்வளவுதான். குழந்தை இல்லை என்று ஊரில் பேசினார்கள், அதுவும் இருந்தது. ஆனால் அதற்காக என்று சொன்னால் பொய். சாப்பிடும்போது எதிரில் உட்கார அவர் வேண்டும். என்னோடு சண்டை போட அவர் வேண்டும். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

மறுநாள் காலையில் தொட்டிக்கரையில் நின்று கஸ்தூரியிடம் சொல்லி அழுதேன். கை பாட்டுக்கு இறாலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதுக்கா மூக்க சிந்தறே? பொட்டி இன்னிக்கி ராத்திரிக்கி அங்க போயிடும், லெட்டர் போவாது. மூடில எழுதி அனுப்பேன்" என்றாள் கஸ்தூரி. அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள்.

"என் பொட்டி கடைசிலதானே தொறப்பான்? அதுக்குள்ள அந்த ஆளு போயிடுவாரு."

"அதுக்கு நான் இன்னா பண்றது, ஏரோப்ளேன புடிச்சி இஸ்துகினு வரவா?" என்று சொல்லிவிட்டு அவள் தன் பெட்டிக்குப் போய்விட்டாள்.

ஏழு இருபதுக்கு என் கடைசிப் பெட்டியை நிரப்பினேன். பாய் மறுபக்கம் வேனில் பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தார். மூடியைத் திருப்பி உட்பக்கம் எழுதினேன்: 'கையெழுத்துப் போடாதே. வந்துடு. அமலா.' மூடினேன். டேப் ஒட்டினேன். அப்புறம் வெளியே என் நம்பரை எழுதி, பக்கத்தில் 5.00 என்று போட்டேன்.

முதலில் திறக்க வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் முந்திய நேரம் வேண்டுமே. அந்த நிமிஷத்தில் என் புத்தியில் இருந்தது அவ்வளவுதான். அந்த நேரம் பாய் கண்ணில் படாமல், மேலே இன்னொரு பெட்டி வரும்படி வேனில் நானே அடுக்கினேன். வேன் கிளம்பி ராஜாஜி சாலைப் பக்கம் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இப்போது ஏறியிருக்கும், இப்போது அந்தமான் பக்கம் போயிருக்கும், இப்போது இறங்கியிருக்கும் என்று வீட்டுக் கடிகாரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கே எட்டரை ஆனபோது இங்கே ஆறு. சோறு வைக்கக்கூடத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை ஷெட்டுக்குப் போனால் பாய் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். எதிரில் கஸ்தூரி.

அந்த ஊரிலிருந்து ஃபேக்ஸ் வந்திருந்தது. மூன்றாம் நம்பர் பெட்டி, மூடிய நேரம் 6.25, இருபது இறாலில் பதினேழு சாவு. முந்தின நாள் விமானம் வேறு ஒரு மணி நேரம் தாமதமாம், பெட்டிகள் வெயிலில் நின்றிருக்கின்றன. ஆனால் மற்றப் பெட்டியெல்லாம் நன்றாக இருக்கும்போது இது மட்டும் ஏன்? வேன்காரர் சொன்னார், கொட்டகையில் ஒரு பாட்டில் குறைந்துவிட்டது, நேரப்படி வைத்துக்கொண்டே வந்தேன், கடைசியாக இந்தப் பெட்டிக்கு இல்லை என்று.

"நான் பன்னண்டு பொட்டி எண்ணினேன். பன்னண்டு பாட்டில் வச்சேன்" என்றார் பாய். "நீ ஆறரைக்கு அப்பால மூடிட்டு, ரெண்டாவது பாட்டிலுக்கு சோம்பல்பட்டு, ஆறு இருவத்தஞ்சின்னு எழுதிட்டியாம்மா?"

"ஐய, பாய்! மாதா மேல சத்தியமா இல்ல பாய்! ஆறு இருவத்தஞ்சிக்குத்தான் மூடினேன்." கஸ்தூரி இந்து. பதற்றத்தில் என் சாமி பேரில் சத்தியம் பண்ணினாள்.

எனக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. என்னுடைய பொய் நேரத்தைப் பார்த்து வேன்காரர் முதல் பாட்டிலை என் பெட்டிக்கு வைத்திருக்கிறார். ஏற்கெனவே இரண்டு பாட்டில் இருந்த பெட்டிக்கு மூன்றாவது. கஸ்தூரியின் பெட்டி ஒற்றைப் பாட்டிலோடு வெயிலில் நின்றிருக்கிறது.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அங்கே அவர் கையெழுத்துப் போடுகிற நாள் அது, என் மனசு முழுக்க அங்கே இருந்தது என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. பயம். பாய் கஸ்தூரியை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவள் கையுறையைக் கழற்றித் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டித்தான் வெளியே போனாள்.

வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கே போய் நின்றேன். பாய் மூலையில் தொழுது முடித்துத் தொழுகை விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் தொழுகை முடித்து வந்து தண்ணீரில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் ஷெட்டில் முதல் இறாலைத் தொடுவோம். ஆரம்பத்திலிருந்து அப்படித்தான். அவர் சட்டைப் பையிலிருந்து ஃபேக்ஸின் இரண்டாவது தாளை எடுத்தார். எல்லாப் பெட்டிகளின் நம்பரும் நேரமும் அதில் இருந்தன.

"அமலா, பொதங்கெழம அஞ்சு மணிக்கு நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்?"

"தொழுதுகினு இருந்தீங்க பாய்."

"நான் எழுந்து வராம இங்க எவளாவது பொட்டி மூடினதுண்டா?"

"இல்ல பாய்."

"அப்ப இந்த ஏழாம் நம்பர எந்த ஜின்னு வந்து மூடிச்சி?"

சொல்லிவிட்டேன். கடிதம், வியாழக்கிழமை, மூடியில் எழுதியது எல்லாம். அவர் மப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார். அவருக்குக் குரலே வரவில்லை, அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

"என்கிட்ட பொய் சொல்லிருந்தா போவுதுன்னு வுட்டுருப்பேம்மா. வாயில்லாத ஜீவன்கிட்ட சொல்லிட்டே. தூங்க வச்சி, மூடிமேல பொய் எழுதி அனுப்பிட்டே." ஃபேக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "வந்து பாத்தாரா உன் வூட்டுக்காரரு?" என்று கேட்டார்.

"தெரியாது பாய்."

என் கையிலிருந்த மார்க்கரை வாங்கிக்கொண்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அன்றைக்கே கஸ்தூரி வீட்டுக்கு அவரே நடந்து போய், வாசலில் நின்று தப்பு தன் பேரில் என்று சொல்லி அழைத்து வந்தார். வந்ததும் மார்க்கரை அவள் கையில் கொடுத்தார். "இனிமே ஏழாம் நம்பருக்கும் நீதான் நேரம் எழுதணும்." ஒரு வருஷம் முழுக்க நான் பெட்டியை மூடிவிட்டு, கஸ்தூரி வந்து கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். எந்தத் திட்டும் என்னை அப்படிச் சுட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூத்தில் போன் வந்தது. இரைச்சல். "கையெழுத்து போட்டுட்டேன்மே" என்றார். "ரெண்டு வருஷம், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போயிடும்." நான் ம் என்றேன். பெட்டியைப் பார்த்தாயா என்று கேட்க வாய் வரவில்லை. பார்க்கவில்லை என்றால் கஸ்தூரி பட்டதெல்லாம் தண்டமாகிவிடும். பார்த்தும் போட்டேன் என்றால் நான் அந்தப் பூத்திலேயே விழுந்துவிடுவேன். அவரும் பெட்டிப் பேச்சை எடுக்கவில்லை. சரி, பார்க்கவில்லை போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சீனக் கிழவர் வேறு பெட்டியை முதலில் திறந்திருப்பார், விடுதிக் கதவு மூடுகிற நேரமாகியிருக்கும், மூடி குப்பைக்குப் போயிருக்கும். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

மார்க்கர் கைக்கு வந்ததுமே கஸ்தூரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது, ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. என் மூடியில் நேரம் எழுதுவாள், போய்விடுவாள். ஒரு நாள் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "இன்னாடி, அந்த ஆளு பாத்தானா இல்லியா?" என்று கேட்டாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். "என் பதினேழு இறாவ கொன்னதுக்கு அத்தயாவது கேட்டு வச்சிருக்கக் கூடாதா?" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். பாய் பார்த்தும் பார்க்காத மாதிரி குளிர் அறைக்குள் போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து மூன்று மாச விடுப்பில் வந்தார். கன்னம் ஒட்டி, கையில் புதுசாக இரண்டு தீத்தழும்பு. வந்த மறுநாள் மத்தியானம் வஞ்சிரம் வறுத்து அவருக்குச் சோறு போட்டேன். எதிரில் உட்கார்ந்தேன். ஐந்தும் இரண்டும் ஏழு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். சும்மா சாப்பிட விட்டிருக்கலாம். முடியவில்லை.

"ஒரு வாட்டி என் பொட்டி மொதல்ல வந்துச்சே, பாத்தியா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"பாத்தேன்" என்றார்.

"உள்ள எழுதியிருந்தத?"

"அதாம்மே சொல்றேன், பாத்தேன். கெழவன் மூடிய எடுத்து என் கையிலயே குடுத்தான். மார்க்கரு வாசன கூட போவல."

"அப்பால ஏன்யா போட்டே?" என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். "வந்துடுன்னு எழுதினேனே! கூடப் பொறந்தவ மாதிரி இருந்தவ வேலைக்கு ஒல வச்சிட்டு எழுதினேனே! நீ என்ன சொல்றியோ அதான்னு நீதானே எழுதினே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கி வரணும்னுதான் இருந்தேன்மே. சத்தியமா. மூடிய வச்சிகினு அங்கியே குந்திட்டேன். மேல அஞ்சு மணின்னு போட்டிருந்தே. அங்க அப்போ எட்டரை. ரெண்டரைய கழிச்சா நம்மூர்ல ஆறு. பதிமூணு மணி நேரம். பன்னண்டு மணி ஷிப்டு ஒண்ணு, கூட ஒரு மணி ஓவர்டைமு. அவ்ளோதானே நமக்கு நடுவுல, நீ கை வச்சது ஒரு ஷிப்டுல என் கைக்கு வந்துடுச்சேன்னு தோணுச்சி. இம்மாங் கிட்ட கீறா, இன்னும் ரெண்டு வருஷம்தானே, தாங்கிடலாம்னு போட்டுட்டேன்."

மீன் ஆறிப்போயிருந்தது. இன்னொரு துண்டு எடுத்து வைத்தேன்.

அது பதிமூணு மணி நேரம் இல்லை, பதினொன்று கூட இல்லை, நான் மூடியது ஏழு இருபதுக்கு, மேலே எழுதியிருந்தது பொய் நேரம் என்று அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால், இன்னும் கிட்டதானே இருக்கிறாள் என்று அடுத்த தடவை அந்த மனுஷர் நாலு வருஷத்துக்குப் போட்டிருப்பார்.